நாயைக் குளிப்பாட்டினா மட்டும் போதுமா? திண்டுக்கல் வெயிலில் உண்ணிக்காய்ச்சலைத் தடுக்கும் வீட்டுப் பராமரிப்பு: முழு விவரம்

சித்திரை பிறந்தாலே திண்டுக்கல் சமவெளியில் வெயில் மண்டையைப் பிளக்கும். வாசல் திண்ணையில் படுத்திருக்கும் நாய் நாக்கைத் தொங்கப் போட்டு மூச்சு வாங்கும். நடுநடுவே காதைச் சொறியும், காலைக் கடிக்கும். "ரொம்ப நாறுது, குளிப்பாட்டி விடுப்பா" என்று வீட்டில் குரல் வரும். ஒரு வாளித் தண்ணீர், துணி துவைக்கிற சோப்பு, பத்து நிமிஷம். வேலை முடிஞ்சது.

ஒரு வாரம் கழித்து அதே நாய் சோற்றை முகர்ந்து பார்த்துவிட்டு, சாப்பிடாமல் திரும்பிப் படுத்துக்கொள்ளும். "வெயில் சூடு, சரியாயிடும்" என்று மோரும் இளநீரும் கொடுத்து நாலு நாள் ஓட்டுவார்கள். ஐந்தாவது நாள் மூக்கில் ரத்தம் கசியும்போதுதான் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள்.

இப்படி வரும் நாய்களில் மருத்துவர்கள் முதலில் சந்தேகப்படுவது உண்ணிக்காய்ச்சலைத்தான். வீட்டிலேயே முறையாகச் சீவி, தடவிப் பார்த்து, காது, கால்களைக் கவனித்திருந்தால் பல நாய்களுக்கு இது முன்கூட்டியே தெரிந்திருக்கும்.

செல்லப்பிராணியை வீட்டிலேயே பராமரிப்பது எப்படி? எதைச் செய்யணும்? எதைச் செய்யவே கூடாது? பார்க்கலாம்.

திண்டுக்கல்லுக்கு ஏன் தனிக் கவனம்?

ஒரே மாவட்டத்தில் இரண்டு தட்பவெப்பம் இருக்கும் ஊர் இது. சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் கொடைக்கானலில் அடர்ந்த முடியுள்ள நாயும் சுகமாக இருக்கும். கீழே வத்தலக்குண்டு, நிலக்கோட்டை, வேடசந்தூர், ஒட்டன்சத்திரம், திண்டுக்கல் டவுன் என்று வந்தால் நிலைமையே வேறு. வருஷத்தில் பெரும்பாலான மாதங்கள் சூடுதான்.

உண்ணிக்கு இந்தச் சூடு ரொம்பப் பிடிக்கும். குளிர்நாடுகளில் பனிக்காலத்தில் உண்ணித் தொல்லை அடங்கிவிடும். இங்கே அப்படி ஓர் இடைவெளியே கிடையாது. அதனால் "கோடையில் மட்டும் மருந்து வெச்சா போதும்" என்ற கணக்கு திண்டுக்கல்லுக்குப் பொருந்தாது. வருஷம் முழுக்கப் பாதுகாப்பு தேவை.

இன்னொன்று தண்ணீர். பல பகுதிகளில் போர்வெல் தண்ணீர் உப்பாக இருக்கும். ஷாம்பு சரியாக நுரைக்காது. நுரைக்கலையே என்று இன்னும் கொஞ்சம் ஊற்றுவோம். கடைசியில் அது முழுதாகப் போகாமல் தோலில் படிந்து அரிப்பைக் கிளப்பும்.

உண்ணி: நாய் மேல் இருப்பது கொஞ்சம், வீட்டில் இருப்பது நிறைய

உண்ணி ஒரு பூச்சி இல்லை, சிலந்திக் குடும்பத்தைச் சேர்ந்தது. வளர்ந்த உண்ணிக்கு எட்டுக் கால்கள். நம்ம ஊர் நாய்களில் அதிகம் காணப்படுவது பழுப்பு நிற நாய் உண்ணி.

இது ரத்தம் குடித்து வீங்கியதும் நாயை விட்டுக் கீழே இறங்கிவிடும். சுவர் விரிசல், கதவு இடுக்கு, நாய் படுக்கும் சாக்கு, ஓட்டு வீட்டின் கைமரம் என்று மறைவான இடமாகத் தேடிப் போகும். ஒரே ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். முட்டையிலிருந்து வரும் குஞ்சுகள் மறுபடியும் நாய் மேல் ஏறும். ரத்தம் குடிக்கும், இறங்கும், தோல் உரிக்கும், திரும்ப ஏறும். வளர்வதற்குள் இப்படி மூன்று முறை நாயைத் தேடி வரும்.

சாப்பாடே இல்லாமல் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கவும் இதனால் முடியும். சுவரில் மேல்நோக்கி ஏறும் பழக்கமும் உண்டு. அதனால்தான் நாயைச் சுத்தமாகக் குளிப்பாட்டிய மறுவாரமே "எங்கிருந்து வந்துச்சு இத்தனை உண்ணி?" என்று கேட்க வேண்டியிருக்கிறது. பதில் சுவர் இடுக்கில் இருக்கிறது.

உண்ணிக்காய்ச்சல்: எப்படித் தெரிஞ்சுக்கறது?

உண்ணி கடிக்கும்போது அதன் உமிழ்நீர் வழியாக நாயின் ரத்தத்துக்குள் கிருமிகள் போகின்றன. இதில் இரண்டு முக்கியம். 'எர்லிக்கியா' என்ற பாக்டீரியா வெள்ளை அணுக்களைப் பிடிக்கும். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறையும். 'பபீசியா' என்ற ஒட்டுண்ணி சிவப்பணுக்களை உடைக்கும், ரத்தசோகை வரும்.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்:

- சாப்பாட்டில் ஆர்வம் இல்லாமை, சோர்ந்து படுத்தே கிடப்பது
- காய்ச்சல் (நாயின் இயல்பான உடல் வெப்பமே சுமார் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். தொட்டுப் பார்த்து முடிவு செய்யாமல் தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்கணும்)
- ஈறு வெளுத்துப் போவது
- மூக்கில் ரத்தம், வயிற்றுத் தோலில் சின்னச் சின்ன சிவப்புப் புள்ளிகள்
- சிறுநீர் காபி நிறத்தில் போவது

இதில் ஏதாவது ஒன்று தெரிந்தாலே அன்றே மருத்துவரிடம் காட்டணும். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். ஆரம்பத்தில் பிடித்தால் மருந்து கேட்கும், ஆனால் எர்லிக்கியாவுக்கு மாத்திரை சில வாரங்கள் தொடரணும். "நல்லா சாப்பிட ஆரம்பிச்சிருச்சு" என்று பாதியில் நிறுத்தினால் கிருமி உடம்பிலேயே தங்கி, பின்னாளில் எலும்பு மஜ்ஜையையே முடக்கிவிடும் அபாயம் உண்டு. ஜெர்மன் ஷெப்பர்டு வகை நாய்களுக்கு இந்த நோய் மற்றவற்றைவிடக் கடுமையாகத் தாக்கும்.

காய்ச்சல்தானே என்று வீட்டில் இருக்கும் பாராசிட்டமால், வலி மாத்திரைகளைக் கொடுக்கவே கூடாது. பூனைக்குப் பாராசிட்டமால் விஷம், ஒரு மாத்திரை கூட உயிரைப் பறிக்கும். நாய்க்கு ஐபுபுரோஃபன் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

தினமும் 5 நிமிஷம்: சீப்பும் விரலும்

வீட்டுப் பராமரிப்பில் முதல் இடம் குளியலுக்கு இல்லை. சீவுவதற்கும் தடவிப் பார்ப்பதற்கும்தான்.

மாலையில் வெளியே போய் வந்ததும் நாயை உட்கார வைத்து, முடி வளரும் திசையிலேயே சீவணும். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை போன்ற நாட்டு நாய்களுக்கும் தெருவிலிருந்து எடுத்து வளர்க்கும் நாய்களுக்கும் முடி குட்டை. ரப்பர் முள் வைத்த பிரஷ் அல்லது கையுறையே போதும். பொமரேனியன், ஜெர்மன் ஷெப்பர்டு மாதிரி அடர்ந்த முடி என்றால் பல் அகன்ற சீப்பு வேணும்.

சீவி முடித்ததும் விரல் நுனியால் உடம்பு முழுக்க மெதுவாகத் தடவிப் பார்க்கணும். உண்ணி ஒளியும் இடங்கள் இவைதான்:

- காதின் உள்பக்கமும் மடிப்பும்
- கால் விரல் இடுக்கு
- கழுத்துப் பட்டைக்கு அடியில்
- அக்குள், தொடை இடுக்கு
- வால் ஆரம்பிக்கும் இடம்

மிளகு அளவில் ஒரு முடிச்சு தட்டுப்பட்டால் முடியை விலக்கிப் பாருங்கள். கால்கள் தெரிந்தால் உண்ணி. கால் எதுவும் இல்லாமல் தோலோடு சேர்ந்தே இருந்தால் மருவாகவோ கட்டியாகவோ இருக்கலாம், அதைப் பிடுங்கக் கூடாது. வாயைத் திறந்து ஈறின் நிறத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஆரோக்கியமான நாய்க்கு இளஞ்சிவப்பாக இருக்கும் (சில நாய்களுக்குப் பிறவியிலேயே கருப்பு ஈறு உண்டு).

உண்ணி கடித்த சில மணி நேரத்திலேயே கிருமி ரத்தத்தில் கலக்க வாய்ப்பிருக்கிறது. அதனால் கையால் எடுப்பதை மட்டும் நம்பாமல், மருத்துவர் சொல்லும் தடுப்பு மருந்தும் சேர்த்துக் கொடுக்கணும்.

உண்ணியை எப்படி எடுப்பது?

முனை மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டி, உண்ணியின் தலைப் பக்கமாகப் பிடிக்கணும். நேராக, ஒரே சீராக இழுக்கணும். திருகவோ வெடுக்கென்று பிடுங்கவோ வேண்டாம். வாய்ப்பகுதி தோலில் ஒட்டிக்கொண்டால் ஊசி வைத்துத் தோண்ட வேண்டியதில்லை. பெரும்பாலும் தானாகவே வெளியே தள்ளிவிடும்.

எடுத்த உண்ணியை விரலால் நசுக்குவது பலரிடம் இருக்கும் பழக்கம். அதை விட்டுவிடணும். ஒரு சின்ன பாட்டிலில் சானிடைசர் ஊற்றி அதில் போட்டு மூடிவிட்டால் செத்துவிடும். பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவணும்.

தீக்குச்சியால் சுடுவது, மண்ணெண்ணெய் தடவுவது இரண்டுமே தப்பு. உண்ணி செத்தாலும் நாயின் தோல் வெந்துபோகும்.

ஆபத்தான 'கை வைத்தியங்கள்': இதையெல்லாம் செய்யாதீங்க

"அண்ணே, நாய்க்கு உண்ணி ஜாஸ்தியா இருக்கு, ஏதாவது மருந்து குடுங்க" என்று கடையில் கேட்டு, கைக்குக் கிடைத்ததை வாங்கி வந்து அடிப்பவர்கள் நிறைய. வீட்டில் பெரியவர்கள் சொல்லும் வைத்தியமும் உண்டு. இவற்றில் சில உண்ணியைவிட ஆபத்தானவை.

புகையிலைத் தண்ணீர்: புகையிலைக்குப் பேர் போன ஊர் திண்டுக்கல். வேடசந்தூரில் புகையிலை ஆராய்ச்சி செய்யும் மத்திய அரசின் நிலையம் இருக்கிறது. புகையிலையை ஊற வைத்து அந்தத் தண்ணீரை மாட்டுக்கும் நாய்க்கும் பூசும் வழக்கம் பழைய காலத்தில் இருந்தது. புகையிலையில் இருக்கும் நிகோடின் பூச்சியைக் கொல்லும் என்பது உண்மைதான். ஆனால் அதே நிகோடின் தோல் வழியாகவும், நக்கும்போது வாய் வழியாகவும் நாயின் உடம்புக்குள் போகும். எச்சில் வடிதல், வாந்தி, நடுக்கம், வலிப்பு என்று தொடங்கி உயிரே போகலாம்.

சூடம், பாச்சா உருண்டை: தேங்காய் எண்ணெயில் சூடம் கரைத்துத் தடவுவது பல வீடுகளில் உண்டு. சூடம் நாய்க்கும் பூனைக்கும் நரம்பைப் பாதிக்கும் விஷம். படுக்கைக்கு அடியில் பாச்சா உருண்டை போடுவதும் அப்படித்தான்.

மாட்டு மருந்து: மாடு, ஆடுகளுக்கு உண்ணி போக அடிக்கும் திரவ மருந்துகள் மிகவும் செறிவானவை. ஒரு மூடி கூடினாலும் சின்ன நாய்க்கு அதிகம். அளவு, கலக்கும் விகிதம், எந்த நாய்க்குக் கொடுக்கலாம் என்பதையெல்லாம் மருத்துவர்தான் சொல்லணும்.

ஐவர்மெக்டின் ஊசி, மாத்திரை: "பக்கத்து வீட்டு நாய்க்குப் போட்டாங்க, நல்லாயிடுச்சு" என்று இதைப் போடுவது ஆபத்து. கோலி இனம், அதன் கலப்பு நாய்கள் சிலவற்றுக்கு மரபணுக் காரணமாக இந்த மருந்து மூளைக்குள் போய்விடும். கோமா வரை கொண்டுபோகும்.

வேப்பெண்ணெய்: அப்படியே ஊற்றித் தேய்க்க வேண்டாம். நக்கினால் வாந்தி, பேதி வரும். பூனைக்குப் பயன்படுத்தாமல் இருப்பதே நல்லது.

அப்படியானால் எதுதான் சரி? கழுத்தில் சொட்டு விடும் மருந்து, மெல்லும் மாத்திரை, மருந்துப் பட்டை என்று இப்போது பல வகை இருக்கின்றன. எல்லாமே நாயின் எடையைப் பார்த்துக் கொடுக்க வேண்டியவை. வலிப்பு வந்த நாய் என்றால் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிடணும், சில மாத்திரைகள் அதற்கு ஒத்துக்கொள்ளாது. சொட்டு மருந்து விடுவதற்கு 2 நாள் முன்பும் பின்பும் குளிப்பாட்டக் கூடாது.

நாயோடு வீட்டையும் சுத்தம் பண்ணணும்

நாய் படுக்கும் துணி, சாக்கை வாரம் ஒருமுறை கொதிநீரில் அலசி நல்ல வெயிலில் காய வைக்கணும். திண்டுக்கல் வெயில் இந்த ஒரு விஷயத்துக்கு உதவும். பழைய சாக்கு என்றால் எரித்துவிடலாம்.

கூண்டைச் சுற்றியுள்ள சுவர் விரிசல்களைச் சிமெண்ட் வைத்துப் பூசி அடைக்கணும். தரை ஓரம், கதவு நிலை, மாடிப்படி அடிப்பகுதியைப் பெருக்கித் துடைக்கணும். தொல்லை அதிகமாக இருந்தால் மருத்துவர் பரிந்துரைக்கும் மருந்தைத் தெளிக்கலாம். அப்போது நாய், பூனை, குழந்தைகள் யாரும் பக்கத்தில் இருக்கக் கூடாது. முழுதாகக் காய்ந்த பிறகே உள்ளே விடணும். முட்டைகள் பொரிந்து வந்துகொண்டே இருக்கும் என்பதால் இதை ஒரே நாளில் முடிக்க முடியாது. சில வாரங்கள் விடாமல் செய்யணும்.

குளியல்: எத்தனை நாளுக்கு ஒருமுறை?

குட்டை முடி நாய்க்கு மாதம் ஒருமுறை போதும். மண்ணில் புரண்டு வந்தால், சாக்கடையில் விழுந்தால் அன்றே குளிப்பாட்டலாம். வாராவாரம் சோப்புப் போட்டால் தோலில் இயற்கையாக இருக்கும் எண்ணெய்ப் பசை போய்விடும். பிறகு பொடுகு, அரிப்பு, சொறி.

நாம போடுற சோப்பைப் போடலாமா? வேண்டாம். மனிதத் தோல் சற்று அமிலத்தன்மை கொண்டது. நாயின் தோல் அப்படி இல்லை, நடுநிலைக்கு நெருக்கமானது. நமக்கான ஷாம்பு அதற்குக் காரமாக இருக்கும். துணி சோப்பும் பாத்திரம் தேய்க்கும் சோப்பும் இன்னும் மோசம். நாய்க்கென்று விற்கும் சாதாரண ஷாம்பு போதும். வாசனை அதிகம் இருந்தால்தான் நல்லது என்றில்லை.

எப்படிக் குளிப்பாட்டுவது?

1. காலை வெயில் ஏறுவதற்கு முன், அல்லது சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகு. மதியம் மாடி டேங்க் தண்ணீர் கொதிக்கும். குழாயைத் திறந்ததும் நேராக நாய் மேல் பிடிக்காமல் முதலில் கையில் விட்டுப் பாருங்கள்.
2. முதலில் சீவணும். சிக்கு இருக்கும்போதே நனைத்தால் அது இறுகி முடிச்சாகிவிடும்.
3. தரை வழுக்கினால் நாய் பயப்படும். ஒரு பழைய மிதியடியோ ஈரச் சாக்கோ விரித்து நிற்க வையுங்கள்.
4. காலில் ஆரம்பித்து மேலே நனைத்து வாங்க. தலை கடைசி. முகத்தில் தண்ணீரை ஊற்ற வேண்டாம், ஈரத்துணியால் துடைத்தால் போதும்.
5. ஷாம்புவை ஒரு மக் தண்ணீரில் கலக்கித் தேயுங்கள். மருத்துவர் கொடுத்த மருந்து ஷாம்பு என்றால் பொதுவாக 10 நிமிஷம் ஊற விடணும்.
6. அலசுவதற்குத்தான் அதிக நேரம் எடுத்துக்கணும். வயிறு, அக்குள், விரல் இடுக்கில் வழவழப்பு போகும்வரை. உப்புத் தண்ணீர் வீடு என்றால், கடைசி இரண்டு மக் மட்டுமாவது நல்ல தண்ணீர் ஊற்றினால் நல்லது.
7. துண்டால் ஒற்றி எடுத்து, காற்றோட்டமான நிழலில் காய விடுங்கள். வெயிலில் கட்டிப் போட வேண்டாம். ஹேர் டிரையரைச் சூட்டில் வைத்துப் பயன்படுத்த வேண்டாம். ஈரக் கழுத்துப் பட்டையைக் கழற்றிவிடுங்கள். அடியில் ஈரம் நின்றால் புண் வரும்.

8 வாரத்துக்குக் குறைந்த குட்டி, காய்ச்சலில் இருக்கும் நாய், குட்டி போட்ட சில நாட்களே ஆன நாய் - இவற்றைக் குளிப்பாட்டாமல் ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

வெயிலுக்கு மொட்டை அடிக்கலாமா?

"முடி அதிகமா இருக்கு, பாவம், மொட்டை அடிச்சு விட்டா குளுகுளுன்னு இருக்கும்" என்று நினைப்பது இயல்பு. ஆனால் பொமரேனியன், ஜெர்மன் ஷெப்பர்டு, ஹஸ்கி, கோல்டன் ரெட்ரீவர் போன்றவற்றுக்கு இரட்டை அடுக்கு முடி. வெளி அடுக்கு வெயில் நேராகத் தோலில் படாமல் தடுக்கிறது. அதை ஒட்ட மழித்தால் தோல் வெந்துபோகலாம், முடி திரும்ப ஒழுங்காக வளராமலும் போகலாம். உள் அடுக்கில் உதிர்ந்து சிக்கியிருக்கும் முடியைத் தினமும் சீவி எடுத்தாலே காற்றோட்டம் கிடைக்கும். பாதத்துக்கு அடியிலும் பின்பகுதியிலும் மட்டும் முடியைக் கத்தரிக்கலாம்.

நாட்டு நாய்களுக்கு இந்தப் பிரச்சினையே இல்லை. ஒட்டிய முடியோடு தென் தமிழகத்து வெயிலிலேயே வளர்ந்த இனங்கள் அவை. 2005-ல் இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட நாய் இனத் தபால்தலைகளில் ராஜபாளையமும் ஒன்று. 2020 ஆகஸ்ட் 30 'மனதின் குரல்' நிகழ்ச்சியில் பிரதமர் மோடி ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை நாய்களைக் குறிப்பிட்ட பிறகு இவற்றின் மீது ஆர்வம் கூடியது. வெள்ளை முடியும் இளஞ்சிவப்புத் தோலும் கொண்ட ராஜபாளையத்துக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை: மூக்கு, காது நுனி, வயிறு வெயிலில் சிவந்து புண்ணாகும். மதிய வெயிலில் கட்டிப் போடக் கூடாது. குட்டை முடிதானே என்று தடவிப் பார்ப்பதை விடவும் கூடாது. உண்ணிக்கு நாட்டு நாய், வெளிநாட்டு நாய் என்ற பாகுபாடெல்லாம் கிடையாது.

காது, நகம், பல்

காது: வாரம் ஒருமுறை பாருங்கள். லாப்ரடார் மாதிரி தொங்கும் காது உள்ள நாய்களுக்குக் குளித்த பிறகு உள்ளே ஈரம் நின்று சீழ் பிடிக்கும். மருத்துவர் தரும் சொட்டு மருந்தை விட்டு, காதின் அடிப்பகுதியை மெதுவாக அமுக்கி, வெளியே வரும் அழுக்கைப் பஞ்சால் துடைத்தால் போதும். காது குடையும் பட்ஸை உள்ளே விடக் கூடாது. கெட்ட வாடை, கருப்பு அழுக்கு, தலையைச் சாய்த்தே வைத்திருப்பது என்றால் மருத்துவரிடம் போங்க.

நகம்: சிமெண்ட் தரையில் நடக்கும்போது 'டக் டக்' சத்தம் வந்தால் நகம் வளர்ந்துவிட்டது என்று அர்த்தம். நகத்துக்குள் ரத்தக்குழாய் இருக்கும். வெள்ளை நகத்தில் இளஞ்சிவப்பாகத் தெரியும், கருப்பு நகத்தில் தெரியாது. அதனால் நுனியை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டணும். ரத்தம் வந்துவிட்டால் பயப்பட வேண்டாம். சோள மாவை வைத்துச் சில நிமிஷம் அழுத்திப் பிடியுங்கள். ஒரே நாளில் எல்லா நகத்தையும் வெட்டணும் என்று கட்டாயம் இல்லை. ஒரு நாளைக்கு ஒரு காலாகச் செய்யலாம்.

பல்: மனிதர்களுக்கான பேஸ்ட் வேண்டவே வேண்டாம். நாய் துப்பாது, விழுங்கும். சில பேஸ்ட்களில் இருக்கும் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி நாயின் ரத்தச் சர்க்கரையைத் திடீரென்று இறக்கி உயிருக்கு ஆபத்தாகும். நாய்க்கான பேஸ்ட், இல்லையென்றால் வெறும் ஈரத்துணி போதும்.

பூனை வளர்க்கிறீங்களா? இதைக் கட்டாயம் படிங்க

பூனை தன்னைத்தானே நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும். ஆரோக்கியமான பூனைக்குக் குளியல் பெரும்பாலும் தேவையில்லை. ஆனால் பெர்சியன் மாதிரி நீண்ட முடி இருந்தால் தினமும் சீவியே ஆகணும். இல்லையென்றால் வயிற்றிலும் காதுக்குப் பின்னாலும் முடி சடையாகிவிடும். அந்தச் சடையைக் கத்தரிக்கோலால் வெட்டப் போனால் மெல்லிய தோலும் சேர்ந்து கிழியும். மருத்துவரிடமோ அனுபவம் உள்ளவர்களிடமோ மெஷினால் எடுப்பதுதான் பாதுகாப்பு.

நாய்க்கான உண்ணி மருந்தைப் பூனைக்குப் போடவே கூடாது. பெர்மெத்ரின் என்ற மருந்து கலந்த சொட்டு மருந்து நாய்க்கு ஒத்துக்கொள்ளும். பூனையின் கல்லீரலால் அதை உடைத்து வெளியேற்ற முடியாது. நடுக்கம், வலிப்பு, மரணம் என்று சில மணி நேரத்தில் போய்விடும். நாயும் பூனையும் ஒரே வீட்டில் இருந்தால், நாய்க்கு மருந்து விட்ட இடம் காயும்வரை இரண்டையும் தனித்தனியே வையுங்கள். தரை துடைக்கும் கிருமிநாசினியைத் தண்ணீரில் கலந்து பூனையைக் குளிப்பாட்டுவதும் இதே மாதிரி ஆபத்து.

பூனை மேல் வட்ட வட்டமாக முடி கொட்டியிருந்தால் படர்தாமரையாக இருக்கலாம். தூக்கிக் கொஞ்சும் பிள்ளைகளுக்கும் ஒட்டிக்கொள்ளும். பூனையோடு சேர்த்து வீட்டில் யாருக்காவது அரிப்பு இருந்தால் அவர்களையும் மருத்துவரிடம் காட்டணும்.

பராமரிக்கும்போது கடிச்சிட்டா?

பழகிய நாய்தான், ஆனால் வலித்தால் கடிக்கும். உடம்பை விறைத்துக்கொள்வது, உதட்டை நக்குவது, கண்ணின் வெள்ளை தெரியப் பார்ப்பது, மெல்ல உறுமுவது எல்லாம் "போதும், விடு" என்று அது சொல்லும் முறை. அந்த நேரத்தில் நிறுத்திவிடுங்கள். சின்னப் பிள்ளைகளைத் தனியாக நகம் வெட்டவோ காது துடைக்கவோ விட வேண்டாம். குட்டியிலிருந்தே காலையும் காதையும் தொட்டுப் பழக்கி, வேக வைத்த முட்டையோ கோழிக்கறித் துண்டோ கொடுத்தால் பின்னாளில் தொல்லையே இருக்காது.

கடியோ நகக்கீறலோ பட்டால், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவணும். மஞ்சள், மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு எதையும் வைக்க வேண்டாம். உடனே அரசு மருத்துவமனைக்குப் போகணும், அங்கே வெறிநாய்க்கடித் தடுப்பூசி இலவசம். "நம்ம நாய்க்குத்தான் ஊசி போட்டிருக்கே" என்று நாமே முடிவெடுக்காமல் மருத்துவர் சொல்வதைக் கேட்பது நல்லது. வெறிநோய் அறிகுறி தெரிந்த பிறகு காப்பாற்றுவது கிட்டத்தட்ட முடியாத காரியம். நாய்க்கும் பூனைக்கும் 3 மாதத்தில் முதல் தடுப்பூசி போட்டு, பிறகு ஆண்டுதோறும் தொடரணும்.

எங்கே போகலாம்?

கால்நடை பராமரிப்புத் துறையின் மருத்துவமனைகளும் மருந்தகங்களும் திண்டுக்கல் டவுனிலும் சுற்றுவட்டார ஊர்களிலும் இயங்குகின்றன. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் பயிற்சி, ஆராய்ச்சி மையம் திண்டுக்கல்லில் இருக்கிறது. பக்கத்தில் தேனியில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி உள்ளது. 1962 என்ற எண் முக்கியமாக ஆடு, மாடு போன்ற கால்நடைகளின் அவசரச் சிகிச்சைக்கானது.

மருத்துவரிடம் போகும்போது மூன்று தகவல்களைச் சொன்னால் வேலை சீக்கிரம் முடியும்: எத்தனை நாளாகச் சாப்பிடவில்லை, கடைசியாக உண்ணி பார்த்தது எப்போது, வீட்டில் என்ன மருந்து போட்டீர்கள். மூன்றாவது கேள்விக்குத் தயங்காமல் உண்மையைச் சொல்லணும். புகையிலைத் தண்ணீர் பூசியது தெரியாமல் சிகிச்சை கொடுத்தால் நேரம்தான் வீணாகும்.

சுருக்கமாக

- தினமும்: 5 நிமிஷம் சீவி, தடவி, ஈறு பார்ப்பது
- வாரம் ஒருமுறை: காது, நகம் பார்ப்பது; படுக்கைத் துணி துவைப்பது
- மாதம் ஒருமுறை: குளியல்; சுவர் இடுக்கு, கூண்டு சுத்தம்
- மருத்துவர் சொன்ன இடைவெளியில்: உண்ணித் தடுப்பு மருந்து, வருஷம் முழுக்க
- வருஷம் ஒருமுறை: வெறிநோய்த் தடுப்பூசி
- எப்போதும் கூடாது: புகையிலைத் தண்ணீர், சூடம், மண்ணெண்ணெய், மாட்டு மருந்து, பாராசிட்டமால்

நாய்க்கு எங்கே வலிக்கிறது என்று சொல்லத் தெரியாது. தினமும் அதன் உடம்பைத் தடவும் கைக்குத்தான் நேற்று இல்லாத முடிச்சும், நேற்று சிவப்பாக இருந்த ஈறு இன்று வெளுத்திருப்பதும் முதலில் தெரியும். இன்று சாயங்காலம் நாய் வாசலில் வந்து படுக்கும்போது, காது மடிப்பில் இருந்து ஆரம்பிங்க.